தகட்டில் இடைக்கால ஐரோப்பா: வீட்டுச் சுவருக்கு மெட்டல் பிரிண்ட் செய்துகொள்ள ஒரு வழிகாட்டி

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கலர் கரெக்‌ஷன் பார்ப்பவன். முருகன் முகத்தில் மெஜந்தா ஏறிவிட்டதா, லட்சுமி புடவையில் மஞ்சள் குறைந்துவிட்டதா என்று பகல் முழுக்கப் பார்க்கிற கண்ணுக்கு, ராத்திரி வேறு ஏதாவது வேண்டியிருக்கிறது. எனக்கு அது இடைக்கால ஐரோப்பியப் படங்கள். சாமி படமும் கல்யாண போட்டோவும் போக என் வீட்டுச் சுவரில் மீதி இருக்கிற இடமெல்லாம் அலுமினியத் தகட்டில் அச்சடித்த அந்தப் படங்கள்தான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் "எங்கே அடிச்சீங்க, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அசல் படம் எதன் மேல், எதைக் கொண்டு செய்யப்பட்டது? கம்பளி நூலா, தங்க ரேக்கா, சுண்ணாம்புச் சுவரா? தகட்டின் வகை, பளபளப்பு, அளவு, மாட்டும் இடம் எல்லாம் அதிலிருந்துதான் முடிவாகும். கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார். நீங்கள்தான் முடிவுசெய்துகொண்டு போக வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு

மெட்டல் பிரிண்ட் என்று கேட்டால் இரண்டு வேறு வேறு பொருளை அதே பெயரில் கொடுப்பார்கள்.

முதலாவது சப்ளிமேஷன். பாலிமர் பூச்சு போட்ட, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் கனமுள்ள அலுமினியத் தகடு. படத்தைக் கண்ணாடி பிம்பமாகக் காகிதத்தில் அடித்து, தகட்டின் மேல் கவிழ்த்து, கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பிரஸ்ஸில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே தடவினால் மை தட்டுப்படாது, சுரண்டினாலும் லேசில் வராது. 60க்கு 90 சென்டிமீட்டர் தகடு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும்.

இரண்டாவது யுவி பிரிண்ட். கடை முகப்புகளில் ஒட்டுகிற ஏசிபி ஷீட் தெரியுமல்லவா, இரண்டு மெல்லிய அலுமினியத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்தது, அதன் மேல் நேராக மை அடித்து யுவி விளக்கில் காயவைப்பது. மை மேலே உட்கார்ந்திருக்கும், விரலுக்குத் தட்டுப்படும். ஃப்ளெக்ஸ் அடிக்கிற பெரிய கடைகளில் இந்த மெஷின் இருக்கும்.

சப்ளிமேஷன்தான் உயர்ந்தது, யுவி மட்டம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. யுவி மெஷின்கள் பலவற்றில் உண்டு. இடைக்காலப் படங்களைப் பொறுத்தவரை இந்த ஒரு வித்தியாசம் பெரிய விஷயம்.

தங்கமும் வெள்ளியும்

இடைக்காலச் சுவடிகளில், அதாவது தோல்தாளில் கையால் எழுதி வரைந்த புத்தகங்களில், தங்க ரேக்கு ஒட்டியிருப்பார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பக்கத்தைத் திருப்பும்போது அது மினுங்கும். சாதாரண காகிதத்தில் அச்சடித்தால் அந்த இடம் கடுகு நிறத்தில் செத்துப்போய்க் கிடக்கும். ஸ்கேன் எடுக்கும்போதே மினுக்கம் போய்விடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது.

வெள்ளைப் பூச்சு இல்லாத, பிரஷ் ஃபினிஷ் வெள்ளி நிற ஏசிபியை எடுங்கள். யுவி மெஷினில் படத்துக்கு அடியில் வெள்ளை மை அடிக்கச் சொல்லுங்கள், தங்கம் வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு. அந்த இடங்களில் மஞ்சள் மை நேராக உலோகத்தின் மேல் விழும். மஞ்சளுக்கு அடியில் அலுமினியம் தெரிந்தால் கண்ணுக்கு அது தங்கம்தான். டிடிபி பார்ப்பவரிடம் "வெள்ளைக்குத் தனி லேயர், தங்க இடம் மட்டும் நாக் அவுட்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். கல்யாணப் பத்திரிகையில் ஃபாயில் அடிக்க ஃபைல் தயார் பண்ணுகிறவர்களுக்கு இது கைவந்த வேலை. அந்த லேயரை வெட்டி எடுக்க நேரம் பிடிக்கும். அதற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். வெள்ளை அடிக்காமல் மொத்தப் படத்தையும் வெறும் உலோகத்தில் அடிக்கும் கடைகளும் உண்டு. முகமெல்லாம் சாம்பல் பூத்துப்போகும். வேண்டாம்.

இந்த முறைக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது பாவ்லோ உச்செல்லோவின் சான் ரோமானோ போர்ப் படங்கள். 1432இல் இத்தாலிய நகரங்களான ஃப்ளாரன்ஸும் சியெனாவும் மோதிய சண்டை. பலகையில் வரைந்த மூன்று படங்கள். இன்று லண்டன் நேஷனல் கேலரி, ஃப்ளாரன்ஸ் உஃபிஸி, பாரிஸ் லூவர் என்று மூன்று ஊர்களில் பிரிந்து கிடக்கின்றன. லண்டன் படம் மூன்று மீட்டருக்கு மேல் அகலம். வீரர்களின் கவசத்துக்கு உச்செல்லோ வெள்ளி ரேக்கு ஒட்டினார். வெள்ளி கறுத்துப்போய் இப்போது கவசங்கள் ஈயம்போல மங்கிக் கிடக்கின்றன. கவச இடத்தில் வெள்ளை மை இல்லாமல் உலோகத்தை விட்டுவிட்டால் அந்த வீரர்கள் மறுபடி இரும்பு உடுத்துவார்கள். அச்சுப் படம் அசலை மிஞ்சாது என்பது என் தொழிலின் பாலபாடம். இந்தப் படத்தில் கவசத்துக்கு மட்டும் நான் விதிவிலக்குக் கொடுப்பேன்.

ஏசிபி ஷீட்டில் பிரஷ் கோடுகள் ஒரே திசையில் ஓடும். படத்துக்குக் கோடு குறுக்கே வர வேண்டுமா, நெடுக்கே வர வேண்டுமா என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மிச்சத் துண்டை லாபம் பார்த்துத் திருப்பி வெட்டிவிடுவார்கள். சான் ரோமானோவுக்குக் குறுக்குக் கோடு.

நூலும் சுண்ணாம்பும்

மேலே சொன்னது எதுவும் பயேய் திரைச்சீலைக்குப் பொருந்தாது. அது வெறும் லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட தையல் வேலை. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதை, 11ஆம் நூற்றாண்டிலேயே தைத்தது. நீளம் 68 மீட்டர் சொச்சம், உயரம் அரை மீட்டர். இதைப் பளபளப்பில் அடித்தால் கம்பளி பிளாஸ்டிக் ஆகிவிடும். வெள்ளைப் பூச்சு, பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ், சப்ளிமேஷன். அவ்வளவுதான்.

இதன் உயரம் நம் வீடுகளுக்கு வசதி. அசல் அளவிலேயே அடிக்கலாம். அரை மீட்டர் உயரம், ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் இரண்டு மூன்று தகடுகள் போட்டால் ஒரு நடைவழிச் சுவர் நிறைந்துவிடும். கதை இடமிருந்து வலமாக ஓடுகிறது. நடைவழியில் எந்தப் பக்கமிருந்து ஆட்கள் அதிகம் நுழைகிறார்களோ அவர்களுக்கு இடக்கைப் பக்கத்தில் ஆரம்பம் வரும்படி சுவரைத் தேர்ந்தெடுங்கள். தகட்டுக்குத் தகடு கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும்.

எந்தக் காட்சி என்று கேட்டால், வால்நட்சத்திரம் வரும் இடம். ஹாலி வால்நட்சத்திரம் 1066 வசந்தத்தில் தெரிந்தது. கூட்டமாக ஆட்கள் விரலை நீட்டி மேலே பார்க்கிறார்கள். பக்கத்தில் புதிதாகப் பட்டமேறிய இங்கிலாந்து ராஜா ஹாரல்டிடம் ஒருவன் வந்து சேதி சொல்கிறான். ஹாரல்டின் காலுக்குக் கீழே விளிம்பில் வெறும் கோடாகக் கப்பல்கள். வரப்போகிற படையெடுப்பை அப்படிக் காட்டியிருக்கிறார்கள். வில்லியமும் ஹாரல்டும் மோதிய ஹேஸ்டிங்ஸ் சண்டை அந்த வருஷம் அக்டோபர் 14இல். குழந்தைகளுக்குக் கதை சொல்ல இதைவிட நல்ல ஒரு மீட்டர் துணி எனக்குத் தெரியாது. குதிரைகளின் கால்கள் வேறு வேறு நிறத்தில் இருக்கும். அச்சுப் பிழை என்று கடைக்காரர் திருத்திவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சுண்ணாம்புச் சுவர் ஓவியத்துக்கும் மேட்தான். சியெனா நகரசபைக் கட்டடத்தில் அம்ப்ரோஜோ லொரென்செத்தி 1338, 1339இல் வரைந்த நல்லாட்சிச் சுவர் இருக்கிறது. நல்ல அரசு நடந்தால் ஊர் எப்படி இருக்கும் என்று வரைந்திருக்கிறார்: செருப்புக்கடை, பாடம் நடக்கும் இடம், சாரம் கட்டி வீடு கட்டுகிற கொத்தனார்கள், பொதி சுமக்கும் கழுதை, தெருவில் ஆடுகிறவர்கள். ராஜா ராணி இல்லாத இடைக்காலம். சாப்பாட்டு மேசை இருக்கும் சுவருக்கு இதைப் போடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க ஆள் இருந்துகொண்டே இருப்பார்கள்.

சின்னப் பக்கம், பெரிய தகடு

பெர்ரி கோமகனுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் 1412 முதல் 1416 வரை வரைந்த ஜெபப் புத்தகம் ஒன்று உண்டு. இன்று பிரான்சில் சாந்தியியில் இருக்கிறது. அதன் மாதப் படங்களை எங்காவது பார்த்திருப்பீர்கள்: மேலே அரைவட்ட வானம், கீழே வயலும் கோட்டையும். காலண்டர் ஊர்க்காரன் எனக்கு இதில் தனிப் பாசம். கோமகனும் மூன்று சகோதரர்களும் 1416இலேயே இறந்துபோனார்கள்; மிச்ச வேலையைப் பிற்பாடு மற்றவர்கள் முடித்தார்கள்.

அந்தப் பக்கம் ஏறத்தாழ ஏ4 தாள் அளவுதான். ஆனால் தூரிகை வேலை அவ்வளவு நுணுக்கம், ஸ்கேன் நன்றாக இருந்தால் மூன்று மடங்கு பெரிதாக்கினாலும் தாங்கும். இதற்கு வெள்ளைப் பூச்சில், பளபளப்பான கிளாஸ் ஃபினிஷ் சப்ளிமேஷன். காரணம் அந்த நீலம். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து போன லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்த நீலம் அது. மேட்டில் அடித்தால் ஊதா பக்கம் சாய்ந்து மங்கும். கிளாஸில்கூட நீலம் ஊதாவாகப் போகிறதா என்று சோதனைத் துண்டில் பார்த்துவிட்டுத்தான் பெரிய தகட்டுக்குப் போக வேண்டும்.

அக்டோபர் என் தேர்வு. ஒருவன் விதை தூவுகிறான், இன்னொருவன் குதிரையில் பரம்பு ஓட்டுகிறான், பரம்பின் மேல் பாரத்துக்குக் கல் வைத்திருக்கிறது. வயலில் வில் பிடித்த சோளக்கொல்லைப் பொம்மை. பின்னால் அந்தக் காலத்து லூவர் கோட்டை.

பிப்ரவரியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பனி, தேன்கூடுகள், ஆட்டுப்பட்டி எல்லாம் அழகுதான். ஆனால் குளிர் காய்கிறவர்கள் உடையைத் தூக்கிக்கொண்டு காய்கிறார்கள், உள்ளே ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஏ4இல் கண்ணில் படாதது மூன்றடித் தகட்டில் ஹாலுக்கு நடுவில் நிற்கும். பயேய் விளிம்புகளிலும் இப்படி ஆட்கள் உண்டு.

தனித்தனிச் சின்னப் படங்களாக வேண்டுமென்றால் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள மானெஸ்ஸே சுவடி என்ற ஜெர்மன் கவிதைத் தொகுப்பு. 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதி, ஜூரிச் பக்கத்து வேலை. முழுப்பக்கக் கவிஞர் படங்கள் மட்டும் 137. சமமான நிறப் பரப்புகள், கொடிகள், கேடயங்கள். எந்தத் தகட்டிலும் நன்றாக வரும். பக்கம் ஓரடிக்குச் சற்று மேல் உயரம். அசல் அளவிலேயே நாலு அடித்து ஒரு சதுரமாக மாட்டலாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 'மெடீவல்' என்று தேடினால் முதலில் வருவது எட்மண்ட் பிளேர் லெய்ட்டன் 1901இல் வரைந்த, ராணி வாளால் வீரனின் தோளைத் தொடுகிற மாதிரிப் படங்கள். அது விக்டோரியா கால ஆட்கள் கற்பனை செய்த இடைக்காலம். அழகு என்றால் தாராளமாக மாட்டுங்கள், ஆனால் இடைக்காலப் படம் என்று சொல்லாதீர்கள். அசல் சுவடியிலும் இந்தச் சிக்கல் உண்டு. இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய 1346 கிரெசி சண்டை என்று எல்லோரும் காட்டும், ஃப்ருவாசார் என்ற வரலாற்றாசிரியரின் சுவடிப் படம் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வரைந்தது. அதில் உள்ள கவசம் ஓவியன் காலத்துக் கவசம். இப்போது கம்ப்யூட்டரே வரைந்து கொடுக்கிற வீரர் படங்களை நான் தொடுவதில்லை. வாளைப் பிடித்த விரல்களை எண்ணிப் பாருங்கள்.

ஃபைல்

பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிகா, ஹைடெல்பெர்க் நூலகம், நியூயார்க் மெட் அருங்காட்சியகம், விக்கிமீடியா காமன்ஸ் நான்கிலும் பெரிய ஃபைல்கள் கிடைக்கும். மெட் 2017இல் காப்புரிமை இல்லாத தன் படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. கல்லிகாவில் சொந்த வீட்டுச் சுவருக்குத் தடையில்லை, விற்பதற்கென்றால் வேறு கணக்கு. எங்கே எடுத்தாலும் படத்துக்குக் கீழே உள்ள உபயோக நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

60க்கு 90 சென்டிமீட்டருக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி போதும். அதாவது சுமார் 3,500க்கு 5,300 பிக்சல். அதற்குக் கீழே இருந்தால் தகட்டின் அளவைக் குறையுங்கள், ஃபைலை இழுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவ். ஃபைலை சிஎம்ஒய்கே, அதாவது அச்சுக்கான நாலு மை நிறமுறை, ஆக நீங்களே மாற்றாதீர்கள்.

கடையில் ஆட்டோ கரெக்‌ஷன் தட்டினால் தோல்தாளின் பழுப்பு வெளுத்துப் புது நோட்டுப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். "நிறத்தைத் தொட வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். நூலக ஸ்கேன்களில் ஓரத்தில் நிறப்பட்டை வைத்து எடுத்திருப்பார்கள். அதை வெட்டாமல் சேர்த்து அனுப்பினால் என்னைப் போன்ற ஆள் ஒருவன் அங்கே இருந்தால் சந்தோஷப்படுவான். முகம், நீலம், தங்கம் மூன்றும் வருகிற ஒரு பகுதியை இறுதி அளவிலேயே ஏ4 துண்டாக அடித்து வாங்கி, மாட்டப்போகிற சுவரில் ஒட்டி, பகலிலும் விளக்கிலும் பாருங்கள். தகட்டின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் வெட்டுப்படும். விளிம்பு அலங்காரம் உள்ள படமென்றால் சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டு ஃபைல் தயார் செய்ய வேண்டும். முனைகள் கூராக இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மூலையை வளைத்து வெட்டச் சொல்லுங்கள்.

சுவர்

மாட்டுவதற்கு முன் ஒரு எவர்சில்வர் தட்டை அந்த இடத்தில் பிடித்துப் பாருங்கள், ராத்திரி விளக்கெல்லாம் போட்டபின். சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தட்டில் டியூப்லைட் தெரிந்தால் கிளாஸ் தகட்டிலும் அதேதான் தெரியும். இடத்தை மாற்றுங்கள் அல்லது மேட்டுக்குப் போங்கள். பிரஷ் தகட்டுக்கு மேலிருந்து சாய்வாக விழும் ஒரு சின்ன ஸ்பாட் விளக்கு, மஞ்சள் சார்ந்த வெளிச்சத்தில், நன்றாக எடுக்கும். மேற்கு வெயில் நேராக விழும் சுவர் எந்த அச்சுக்கும் ஆகாது.

நம் வீடுகளில் படத்தை லின்டல் உயரத்தில் சாய்த்து மாட்டுவது பழக்கம், தாத்தா பாட்டி போட்டோ மாதிரி. சுவடிப் படத்துக்கு அது சரிவராது. அதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். தரையிலிருந்து படத்தின் நடு 145 முதல் 150 சென்டிமீட்டரில் வரட்டும்.

தகட்டின் பின்னால் அலுமினிய சட்டம் ஒட்டி, சுவரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டராவது தள்ளி நிற்கும்படி கேளுங்கள். மழைக்காலத்தில் ஓதம் வருகிற சுவரில் பின்னால் காற்று போக வேண்டும். டிஸ்டம்பர் அடித்த சுவரில் டபுள் சைடு டேப்பை நம்பாதீர்கள். பெயின்டோடு சேர்ந்து விழும். புதிய அடுக்குமாடிகளின் லைட் வெயிட் பிளாக் சுவருக்கு நீளமான நைலான் பிளக், கான்கிரீட்டுக்கு ஹேமர் டிரில். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது, ஒயர் பைப் அந்த வழியாகத்தான் போகும். என் அக்கா வீடு பெசன்ட் நகரில், கடலுக்குப் பக்கம். அங்கே சாதா ஸ்க்ரூ ஒரு மழைக்குத் துரு ஒழுக ஆரம்பிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டோம்.

சண்டைப் படத்தை எங்கே மாட்டுவது என்பதை வீட்டிலுள்ளவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். சான் ரோமானோ தகட்டைப் பிரித்ததும் என் அம்மா, "ஏம்ப்பா, பாரதச் சண்டைப் படமே வீட்டுல மாட்டக் கூடாதும்பாங்க. இது எந்த ஊருச் சண்டை?" என்று கேட்டார். ஃப்ளாரன்ஸ் என்றேன். "அப்ப மாடில வெச்சுக்க." சரி என்று மாடிப்படித் திருப்பத்தில் மாட்டினேன். ஹாலுக்கு விதை தூவுகிற அக்டோபர் வந்தது. அதற்கு அம்மாவிடம் ஓர் ஆட்சேபணையும் இல்லை. படிக்கட்டுத் திருப்பம் சான் ரோமானோவுக்கு உண்மையில் நல்ல இடம். ஏறும்போது பார்க்கும் கோணம் மாற மாற, வெள்ளை அடிக்காத கவசங்களில் வெளிச்சம் நகரும்.

துடைக்க மைக்ரோஃபைபர் துணி, தேவைப்பட்டால் கொஞ்சம் தண்ணீர். பாத்திரம் தேய்க்கிற நார் பக்கத்தில் வரக் கூடாது. யுவி தகட்டை அழுத்தித் தேய்க்காதீர்கள், ஸ்பிரிட் போட்டால் மை கிளம்பலாம். ஆயுத பூஜைக்கு வீட்டில் எல்லாப் படத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற வழக்கம் இருந்தால், இந்தத் தகடுகளுக்கு மட்டும் சட்டத்தின் ஓரத்தில் வைக்கச் சொல்லிவிடுங்கள்.